சொல் கேளுங்கள்: ஏக்கம்

கேள்வி: ‘உங்கள் பதிலை ஏக்கத்துடன் எதிர்பார்க்கிறேன்’ என்று கடிதம் எழுதினேன். ‘ஆவலுடன்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார் நண்பர். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: நண்பர் சொல்வதே சரி. ஆவலில் மகிழ்ச்சி கலந்திருக்கும். எதிர்பார்த்தது வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கும். ஏக்கமோ கிடைக்காததையோ கைவிட்டுப் போனதையோ எண்ணி மனம் வாடுவது. உங்கள் கடிதத்தைப் படிப்பவர், நெடுநாளாகப் பதில் போடாமல் உங்களை வாடவிட்டதாக நினைத்துக்கொள்வார். ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘வாட்டத்துடன்’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஏக்கமும் பொருந்தும்.

வேட்கையையும் இதனோடு குழப்ப வேண்டாம். அறிவு வேட்கை உள்ளவர் நூலைத் தேடிப் போகிறார். படிக்க வாய்ப்பே கிடைக்காதவருக்கு இருப்பது ஏக்கம். தவிப்பு இன்னும் வேறு: ஓரிடத்தில் இருக்கவிடாமல் அலைக்கழிப்பது, பெரும்பாலும் அந்த நேரத்துக்கு உரியது. ஏக்கம் ஓசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் கூட இருக்கும்.

கேள்வி: ‘அவளை ஏங்கினான்’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ஏங்கு என்பது செயப்படுபொருள் குன்றிய வினை; ‘ஐ’ உருபை நேராக ஏற்காது. ‘பாசத்துக்கு ஏங்கினான்’, ‘அவளுக்காக ஏங்கினான்’, ‘அவளை நினைத்து ஏங்கினான்’, ‘ஊர் திரும்ப ஏங்கினான்’ என்பவையே வழக்கு. இவற்றுக்குள்ளும் நுட்பமான வேறுபாடு உண்டு. ‘பாசத்துக்கு ஏங்கினான்’ என்றால் அது அவனுக்குக் கிடைக்கவில்லை. ‘பாசத்தை நினைத்து ஏங்கினான்’ என்றால் ஒரு காலத்தில் கிடைத்தது, இப்போது இல்லை.

‘ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார் வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு’ என்ற குறளிலும் (1269) இந்த அமைப்புதான். தொலைவில் போனவர் திரும்பும் நாளை மனத்தில் வைத்து ஏங்குகிறாள். ஒருநாள் ஏழுநாளாய் நீள்கிறது. அந்த அதிகாரத்தின் பெயர் ‘அவர்வயின் விதும்பல்’. காணத் துடிக்கும் விரைவைச் சொல்லும் விதும்பல் என்ற அழகான சொல்லை நாம் வழக்கிலிருந்து விட்டுவிட்டது பெரிய இழப்பு.

கேள்வி: ‘உடையார்முன் இல்லார்போல் ஏக்கற்றும் கற்றார் கடையரே கல்லா தவர்’ என்ற குறளில் (395) ‘ஏக்கற்றும்’ என்றால் ‘ஏக்கம் இல்லாமல்’ என்றுதானே பொருள்?

பதில்: நேர் எதிரான பொருள். பலர் இடறும் இடம் இது. ‘ஏக்கம் அற்று’ என்பது சேர்ந்தால் ‘ஏக்கமற்று’ என்றுதான் வரும். நடுவில் உள்ள மகரம் காணாமல் போகாது. இங்கே இருப்பது ‘ஏக்கறு’ என்ற தனி வினை. அதன் எச்சம் ‘ஏக்கற்று’. ஆசையால் தாழ்தல் என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். செல்வர் முன் வறியவர் நிற்பதுபோல் ஆசிரியர் முன் ஏங்கித் தாழ்ந்து நின்றும் கற்றவரே உயர்ந்தவர். அப்படிக் கல்லாதவர் கடையர். ‘ஏக்கமின்றி’ என்று கொண்டால் அந்த உவமையே நிற்காது.

கேள்வி: ‘ஏக்கம் பெருமூச்சு’, ‘ஏக்கப் பெருமூச்சு’ எது சரி? ‘ஏக்கினான்’ என்ற சொல் உண்டா?

பதில்: ‘ஏக்கப் பெருமூச்சு’. மகரம் கெட்டு ஒற்று மிகும். ஏக்கப் பார்வையும் அப்படியே. மயங்கு, மயக்கம் போல ஏங்கு, ஏக்கம் என்று ஆனது. ஆனால் மயக்கினான் என்பதுபோல ‘ஏக்கினான்’ என்று இன்று யாரும் சொல்வதில்லை. ‘ஏங்க வைத்தான்’ என்றே எழுதுங்கள்.