அக்காகிட்ட கேளுங்க: காலண்டர் தாள் அட்டை போட்ட புக்கு

கேள்வி: மகன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். மெத்தைக்கு அடியில 'நான் வித்யா'ன்னு ஒரு புக்கு, காலண்டர் தாள்ல அட்டை போட்டு நடுவுல பஸ் டிக்கெட்ட சொருகி வச்சிருந்தான். என்னலன்னு கேட்டதுக்கு, எனக்கு பொம்பளப் பிள்ளைங்க மேல இஷ்டம் வரலம்மா, பசங்க மேலதான் வருதுன்னு அழுதுட்டான். இதைப் படிச்சுதான் இப்படி ஆயிட்டானா? ஒரு டாக்டரு மாத்திரலாம்னு சொல்லுதாவ. அவுகப்பாவுக்கு இன்னும் தெரியாது.
- ஒரு அம்மா, பாளையங்கோட்டை

மதினி, புக்கு படிச்சு ஆளு மாறும்னா திருக்குறள் படிச்ச நம்ம ஊரு எப்பவோ திருந்தியிருக்கணும்லா. அவன் ஏற்கனவே தனியா கெடந்து முழிச்சிருக்கான், இந்த புக்கு கண்ணுல பட்டிருக்கு, எடுத்துட்டு வந்துட்டான், அவ்ளோதான். லிவிங் ஸ்மைல் வித்யா தன் சொந்தக் கதைய எழுதி 2007ல வந்த புக்கு அது. அவங்க திருநங்கை, உங்க மகன் அப்படி இல்ல, ஆம்பளயா இருந்துகிட்டே ஆம்பள மேல விருப்பம் வர்றவன், ரெண்டும் வேற வேற, ஆனா வீட்ல சொல்ல முடியாம தவிக்கது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அந்தப் பக்கத்துலதான் டிக்கெட் இருந்திருக்கும்னு நினைக்கேன்.

அந்த டாக்டர்கிட்ட மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க. இது நோயே இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 1990லயே லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டு. மதுரையில இருந்து சென்னைக்குப் போன ரெண்டு பொண்ணுங்க, வீட்டுக்காரங்க போலீஸ்ல கம்ப்ளெய்ண்ட் குடுக்க, அவங்க பாதுகாப்பு கேட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் என்ன செஞ்சாரு தெரியுமா, எனக்கே இதைப் பத்தி சரியாத் தெரியலன்னு சொல்லி ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுகிட்டு அப்புறம்தான் 2021 ஜூன்ல ஆர்டர் போட்டாரு. மாத்துறேன்னு வைத்தியம் பாக்கவே கூடாதுன்னு அதுல இருக்கு, மறுவருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி செய்யது டாக்டர் தொழிலுக்கே ஒழுங்கீனம்னு சொல்லிட்டு. ஜட்ஜே பாடம் கேட்டிருக்காரு, நமக்கு என்ன கூச்சம்? நீங்களும் அந்த புக்கை ஒருக்க படிங்க. அவுகப்பாகிட்ட சொல்லுறத மகன்கிட்ட விட்டுருங்க, அவனுக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லட்டும், நீங்க முந்தாதீங்க.

கேள்வி: எனக்கு பொண்ணுங்களத்தான் பிடிக்கும்க்கா. தேடிப் பாத்தா எல்லாம் திருநங்கைங்க கதையாவே இருக்கு, எங்களுக்கு ஒண்ணும் இல்லையா? வீட்ல வேற மாப்பிள்ளை பாக்காவ.
- 22 வயசு, அம்பாசமுத்திரம்

ஒன் கோவம் நியாயம்தான் தங்கச்சி. ஆனா தமிழ்ல மொத மொத தன் கதைய தன் வாயால சொன்னது திருநங்கைங்கதான். தொண்ணூறுகள்ல சு.சமுத்திரம் திருநங்கைங்களப் பத்தி 'வாடாமல்லி'ன்னு நாவல் எழுதினாரு, பழைய நெல்லை மாவட்டம் திப்பணம்பட்டிக்காரரு, நல்ல மனசோட எழுதினதுதான், இருந்தாலும் வெளியில இருந்து பாத்து எழுதினது. அப்புறம் ரேவதி மத்த திருநங்கைங்ககிட்ட கேட்டு அவங்க வாழ்க்கைய 'உணர்வும் உருவமும்'னு புக்கா கொண்டு வந்தாங்க. எனக்கு அதுதான் இன்னமும் பிடிக்கும், அழுதுட்டே இருக்காம கேலியும் கிண்டலுமா பேசுவாங்க. பசங்க பக்கம் கிரீஷோட 'விடுபட்டவை' 2018ல வந்துச்சு. பொண்ணுங்க எழுதினது கொறச்சல்தான், சொந்தப் பேர்ல எழுதினா மறுநாளே தாமிரபரணி ரெண்டு கரையும் பேசுமே, எப்படி எழுதுவா?

மாப்பிள்ளை சமாச்சாரத்துக்கு வாறேன். பொண்ணும் பொண்ணும், ஆணும் ஆணும் சேந்து இருந்தா குத்தம்னு வச்சிருந்த 377வது பிரிவை 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த மட்டுக்கும் உடைச்சிட்டு, ரெண்டு மேஜர் விரும்பி சேந்து இருந்தா குத்தம் கிடையாது. கல்யாணத்துக்கு மட்டும் 2023ல ஒத்துக்கிடல. 2025 மே மாசம் ஒரு பொண்ணை வீட்டுக்காரங்க அடைச்சு வச்ச கேஸ்ல, குடும்பம் அமைக்க கல்யாணம் ஒண்ணுதான் வழின்னு இல்லன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லி அவளை அவ இஷ்டப்படி போக விட்டுட்டு. இதெல்லாம் மனசுல வச்சுக்கோ, ஆனா சட்டம் இருக்கேன்னு இன்னைக்கே நடுவீட்ல போட்டு உடைக்காத, சம்பளம் கைக்கு வரட்டும். அது வரைக்கும் பி.எட் படிக்கணும்னு சொல்லு, நம்ம ஊர்ல அதுக்கு எந்த அப்பாவும் மாட்டேன்னு சொன்னதில்ல. ராத்திரி ரொம்ப பாரமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடு, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

கேள்வி: நீங்க சொல்ற புக்கெல்லாம் பிடிஎஃப் அனுப்புவீங்களா?
- பிளஸ் டூ, வள்ளியூர்

மாட்டேன் தம்பி. எழுதினவங்களுக்கு வர்றதே கொஞ்சம், அதுலயும் கை வைக்கவா? பாளையங்கோட்டை வரும்போது மாவட்ட மைய நூலகத்துல கேளு, இல்லேன்னா வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு வா. யாருக்குல இந்த புக்குன்னு கேட்டா எங்க அக்கா கேட்டான்னு சொல்லு.