பொக்லைன் விபத்துகள்: வாசகர் கேள்விகள்

பொக்லைன் பின்னோக்கி வரும்போது ஹாரன் அடித்தால் போதாதா? (கொழிஞ்சாம்பாறை)

போதாது. பொக்லைன் சுழலும்போது அதன் பின்பாகம் ஆளைச் சுவரோடு நசுக்கிவிடும். ஹாரன் அங்கே உதவாது. வீச்சு வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், உள்ளே யாரையும் விடாதீர்கள்.

இயந்திரக் கை மின்கம்பியில் பட்டுவிட்டால் குதித்து ஓடலாமா? (வாளையார்)

கூடாது. மின்சாரத்தைத் துண்டித்தது உறுதியாகும்வரை கேபினிலேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதியுங்கள். பிறகு பாதங்களைத் தரையோடு தேய்த்தபடி சிறிது சிறிதாக விலகுங்கள்.

தம்பிக்கு வேலையில் கால் போய்விட்டது. எவ்வளவு கிடைக்கும்? (ஊர் எழுதவில்லை)

வயது? சம்பளம்? விபத்து நடந்த நாள்? ஊனம் எத்தனை சதவீதம் என்ற மருத்துவச் சான்று? இவை இல்லாமல் யாராலும் கணக்குப் போட முடியாது. எழுதும்முன் ஐந்து நிமிடம் யோசியுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணவர் பாலக்காட்டில் பொக்லைன் மோதி இறந்தார். ஒரு லட்சம் கொடுத்து, மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இனி வழக்குக்கு வழியுண்டா? கேரளத்துக்கு அலைய வேண்டுமா? (பொள்ளாச்சி அருகே)

அம்மா, வழியுண்டு. இப்படி எத்தனை தாள்களைப் பார்த்துவிட்டேன்! போன வருடம் ஒரு தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். நான்கு வரி மலையாளம், கீழே ஊதா மையில் அவருடைய கைநாட்டு. 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்பதுதான் அந்த நான்கு வரி. படிக்கத் தெரியாத மொழியில், பிணம் ஆம்புலன்சில் கிடக்கும்போது வாங்கிய கைநாட்டு. இதைச் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய அந்தத் தாள் செல்லாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இந்த விதி இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் உண்டு. இறப்புக்கான இழப்பீட்டை உங்கள் கையில் தரக்கூடாது. இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அரசு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழிக்கலாம். வயது 30, மாதச் சம்பளம் 15,000 என்றால் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் சுமார் 15½ லட்சம் வரும். ஒரு லட்சம் எங்கே, அது எங்கே!

நீங்கள் குடியிருக்கும் பகுதியின் அந்த அதிகாரியிடமே மனுச் செய்யலாம்; எல்லை தாண்ட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று இரண்டையும் வாங்கி வையுங்கள். இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். மறுபடி சொல்கிறேன், இனி எதிலும் கையெழுத்து வேண்டாம்.

வாடகை இயந்திரம், மேஸ்திரி தலைமறைவு. யாரைக் கேட்பது? (செங்கோட்டை)

வேலையை மேஸ்திரிக்கு உள்குத்தகை விட்ட காண்ட்ராக்டரைக் கேளுங்கள்; அவரும் பொறுப்பு. இயந்திரத்தை அங்கிருந்து நகர்த்துவதற்குள் பதிவு எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள்.