பெட்டி தேடும் விளையாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கங்க. சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தான். அவன் பிள்ளைகள் அங்கே வார இறுதிகளில் ஜியோகேச்சிங் என்றொரு விளையாட்டு விளையாடுவார்களாம். யாரோ ஒளித்துவைத்த சிறு பெட்டியைக் கைப்பேசியின் ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் நான்காம் வகுப்பு படிக்கும் மகனும் நாமும் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள். இதுவும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதானே என்கிறார் என் கணவர். "அடுத்தவங்க காட்டுக்குள்ள போயி எதையாச்சும் நோண்டிட்டு நின்னா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்கிறார் என் மாமியார். நம் பக்கத்தில் இது சரிப்பட்டு வருமா?

(பெயர் வேண்டாம்), பெருந்துறை

அன்புள்ள சகோதரிக்கு,

சரிப்பட்டு வரும். ஆனால், செயலியை இறக்கிக்கொண்டு முகம் தெரியாதவர் வைத்த பெட்டியைத் தேடிப் போவதில் தொடங்காதீர்கள். உறவினர் ஒருவரின் தோட்டத்திலோ மானாவாரிக் காட்டிலோ நீங்களே பெட்டிகளை ஒளித்துவைத்து விளையாடுவதில் தொடங்குங்கள். உங்கள் மாமியார் கேட்டது இந்த விளையாட்டின் அடிப்படையைத் தொடும் கேள்வி என்பதால் இப்படிச் சொல்கிறேன்.

பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு ஒரு காலத்தில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது. அதனால் இடம் நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டும். 2000 மே தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊரின் அருகே மரங்களுக்கிடையே ஒரு வாளியை வைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஒரு கவண் எல்லாம் இருந்தன. ஏதாவது எடுத்துக்கொள், பதிலுக்கு ஏதாவது வை, நோட்டில் எழுது என்பதுதான் அவர் விதித்த விதி. யாரும் வந்துபோகக்கூடிய வனப்பகுதிகளும் நடைபாதைகள் போட்ட பெரிய பூங்காக்களும் தாராளமாக உள்ள நாட்டில் இது வேர்விட்டதில் வியப்பில்லை.

நம் நிலம் அப்படிப்பட்டதல்ல. கிளுவைச் செடி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒவ்வொரு அடிக்கும் இங்கே உரியவர் உண்டு. வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரி என்ற ஒடுங்கிய பாதை மட்டுமே ஊருக்குப் பொது, அதிலும் எத்தனை இட்டேரிகள் இன்று மிச்சமிருக்கின்றன என்பது வேறு கதை. வெயில் நேரத்தில் வேலியோரம் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, ஆட்டுக்காரரோ வழியில் போகிறவரோ என்ன ஏது என்று விசாரிப்பது நியாயம்தான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்த நாள்களை நினைவில் வைத்திருப்பவர்களால், கேட்பாரற்றுக் கிடக்கும் மூடிய பெட்டியை விளையாட்டுப் பொருளாகப் பார்க்க முடியாது. பேருந்து நிலையம், ரயில் பாதை, பள்ளி, பாலம், கோயில் வாசல் ஆகிய இடங்களில் பெட்டி வைப்பதையும் தேடுவதையும் குழந்தைகளுக்கு அறவே விலக்கிவிடுங்கள். இவற்றில் பல இடங்களை அந்த விளையாட்டின் சொந்த நெறிமுறைகளே தடுக்கின்றன. நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்கக் கூடாது என்பதும், அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் மண்ணைத் தோண்டக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் கொறங்காட்டில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில், பிள்ளைகள் இதை விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது. இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியை ஏந்தியபடி முன்னால் நடந்தாள். முப்பது மீட்டர், இருபது மீட்டர் என்று ஒழுங்காகக் குறைந்துவந்த தூரம், வேலியை நெருங்கியதும் நான்கு என்றது, ஓரடி எடுத்துவைத்தால் ஒன்பது என்றது. அவள் நின்றவுடன் அம்புக்குறி தன் விருப்பத்துக்குச் சுழலத் தொடங்கியது. வானம் திறந்திருந்தாலும் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிழைபடும், மரத்தடியில் அதைவிடக் கூடுதலாகும். சலித்துப்போய்க் கைப்பேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளுவையின் அடியில் நான்கைந்து காய்ந்த குச்சிகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடந்தன. தானாக விழும் குச்சி அப்படி வரிசையாக விழாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கைப்பேசி வேலை செய்யாத அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் இந்த விளையாட்டு. மற்றதெல்லாம் அதுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் நடை.

எட்டாம் வகுப்பு மகளிடம் ஒளித்துவைக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். தேடுவதைவிட ஒளிப்பதற்குத்தான் யோசனை அதிகம் வேண்டும்: தம்பியின் உயரத்துக்குக் கண்ணில் படுமா, மாடு மிதிக்குமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தாகவேண்டும். பள்ளிப் பாடத்தில் உயிரில்லாமல் கிடக்கும் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் அப்போது கைக்கு வரும். இந்த விளையாட்டில் இடத்தை டிகிரியிலும், மூன்று தசமம்வரை நிமிடத்திலும் (டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) குறிக்கிறார்கள். ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, வடக்குத் தெற்காக, ஏறக்குறைய 1.85 மீட்டர். நிமிடத்தில் 0.020 கூடும்வரை வடக்கே நடக்கச் சொல்லி, நடந்ததை நாடாவால் அளந்துபார்த்தால் 37 மீட்டரை ஒட்டி வரும். கிழக்கு மேற்காக அளந்தால் வட அட்சம் 11 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கும் பெருந்துறையில் இரண்டு சதவீதம்போலத்தான் குறையும். நியூயார்க்கில் அளந்தால் கால் பங்கு குறைந்துவிடும். ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இனி ஆபத்துகள். பலரும் பாம்பைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். நான் கிணற்றை முதலில் சொல்வேன். நம் பக்கத்துத் தோட்டங்களில் பாறையை உடைத்து இறக்கிய ஆழமான கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, கைவிடப்பட்ட கிணற்றின் விளிம்பைப் புல் மூடியிருக்கும். அம்புக்குறி நேர்கோட்டில் காட்டும். நடுவில் கிணறு இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே விளையாடும் நிலத்தை முதல் நாள் பெரியவர்கள் உரிமையாளருடன் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கிணறும் மூடாத ஆழ்குழாயும் இருக்கும் பக்கத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவேண்டும். கைப்பேசியைப் பார்ப்பவர் நின்று பார்க்கவேண்டும், நடப்பவர் பார்க்கக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். பாம்புக்கும் தேளுக்கும் ஒரே வழிதான்: பொந்துக்குள்ளும் கல்லடியிலும் கையை விடக் கூடாது, கோலால் விலக்கிப் பார்த்தபிறகே தொடவேண்டும். சுருட்டை விரியன் நம் வறண்ட காடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது, உருவில் சிறியது, மண்ணின் நிறத்தில் கிடக்கும். காலை மூடிய காலணி கட்டாயம். பெட்டியையே தரையில் வைக்காமல் பையனின் இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

ஊருக்கு வெளியே போக விரும்பினால் பெட்டி இல்லாத வகை ஒன்று உண்டு. எர்த்கேச் என்கிறார்கள், ஓர் இடத்தின் பாறையையோ நில அமைப்பையோ நேரில் பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும், எதையும் வைக்கவும் வேண்டாம் எடுக்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் சிவன்மலையில் நெபிலின் சையனைட் (nepheline syenite) என்ற அரிய பாறை இருக்கிறது, அதில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்காது. படியில் ஏறும்போது பாறைகளின் மினுமினுப்பை வழியில் பார்த்த கற்களோடு ஒப்பிட்டுப் பார் என்று மகளிடம் ஒரு கேள்வியை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

கொடுமணல் உங்களுக்கு இன்னும் பக்கம். சென்னிமலையைத் தாண்டி நொய்யல் கரையில் இருக்கும் அந்த ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர், அகழாய்வில் கல்மணிகளும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்த இடம். ஆனால் அங்கே பெட்டி விளையாட்டு மட்டும் வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வை என்ற விதி பழகிய குழந்தை, மண்ணில் கிடக்கும் ஓடு ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பதிலுக்குப் பிளாஸ்டிக் பொம்மையை வைத்துவிட்டு வந்தால், இரண்டும் கேடுதான். காப்புக்காடுகளிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்திலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால் அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பெட்டிக்கு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா போதும். நோட்டை ஜிப் உறையில் போடுங்கள். பேனா வேண்டாம், நம் வெயிலில் காய்ந்துவிடும், பென்சில் வையுங்கள். தின்பண்டம் வைத்தால் மறுநாள் கட்டெறும்புதான் குடியிருக்கும். சித்திரை வைகாசியில் பகலில் போகாதீர்கள். ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழி, தையில் காலை நேரம் நல்லது.

சில மாதம் இப்படி விளையாடியபிறகு, இணையத்தில் பதிவுசெய்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். அருகே வேறு பெட்டி இருந்தால் அதற்கும் உங்கள் பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். தேடுவதன் கடினத்தையும் நிலத்தின் கடினத்தையும் ஒன்று முதல் ஐந்துவரை நீங்களே மதிப்பிட்டு எழுதவேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்தபிறகுதான் அது வெளியாகும். நோட்டு நனைந்தாலும் டப்பா உடைந்தாலும் வைத்தவர்தான் போய்ச் சரிசெய்யவேண்டும் என்பதால், அடிக்கடி போய்வர முடியாத இடத்தில் வைப்பதை ஏற்கமாட்டார்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது உங்கள் தம்பி தன் பெயரில் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அதை மகளின் பெயரில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.