திடீர் என்றால் எவ்வளவு நேரம்?

கேள்வி: திட்டம் போட்டுக் கொன்றால் கொலை, திடீர்க் கோபத்தில் கொன்றால் அதைவிடச் சின்னக் குற்றம் என்கிறது சட்டம். செத்தவருக்கு இரண்டும் ஒன்றுதானே?
– வாசகி ஒருவர்

பதில்: செத்தவருக்கு ஒன்றுதான். சட்டம் பார்ப்பது கொன்றவரின் மனதை. கொல்லவே நினைத்தாரா, உயிர் போகும் என்று தெரிந்தே செய்தாரா, வெறும் அஜாக்கிரதையா என்று பிரிக்கிறது. பிரிக்கத்தான் வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் 'திடீர்'. அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. அமைச்சர் திடீர் ஆலோசனை, நடிகர் திடீர்த் திருமணம்! ஆறு மாதம் முன்பே மண்டபம் பிடித்த கல்யாணம் எப்படித் திடீர் ஆகும்? செய்தியாளருக்கு அன்றுதான் தெரிந்தது, அவ்வளவுதான். நம் பக்கங்களில் கண்ணில் படும் திடீரையெல்லாம் நானே அடித்துவிடுகிறேன்.

சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஓர் உயிரின் எடை. கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் தன்னிலை இழந்து கொன்றால், கொலைக்கான தூக்கோ கட்டாய ஆயுளோ கிடையாது. அதனால் நீதிமன்றம் கடிகாரத்தைப் பார்க்கிறது. கடற்படை அதிகாரி நானாவதி, மனைவி தன் கள்ள உறவைச் சொன்னதும் அவரையும் பிள்ளைகளையும் சினிமாவில் விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, அந்த ஆளைத் தேடிப் போனார். வீட்டிலிருந்து கிளம்பியது 1.30, சுட்டது 4.20. ஆத்திரம் அடங்க அந்த நேரம் போதும், இது கொலைதான் என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்பு.

ஆனால் பத்து வருடம் அடி வாங்கிய பெண்ணிடம் அதே கடிகாரத்தைக் காட்டலாமா? அடி விழும்போதே திருப்பி அடிக்க உடம்பில் வலு வேண்டும். இல்லாதவள் அவன் தூங்கும்வரை காத்திருக்கிறாள். அதை 'கோபம் ஆறக் கிடைத்த நேரம்' என்று கணக்கெழுதினால், சலுகை கைவலு உள்ளவனுக்குத்தான் போய்ச் சேரும். இதை எழுதும்போதெல்லாம் வழக்கறிஞர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

ஏனென்றால் சென்னை உயர் நீதிமன்றமே இந்த வழியைக் காட்டியிருக்கிறது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்து, கொலைக் குற்றவாளியாக நின்ற ஒரு தாயின் வழக்கு, 1989-ல். தீர்ப்பு நல்லதங்காளை நினைத்துப் பார்த்தது. நாள்கணக்கில் மனதில் ஊறிய வேதனையையும் ஆத்திரமூட்டலாக ஏற்று, கொலைக் குற்றத்தைக் குறைத்தது. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காளை நம் ஊரில் யாராவது கொலைகாரி என்கிறோமா? கோயில் கட்டியல்லவா கும்பிடுகிறோம்!

1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் புதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 இப்போது 103. ஆத்திரமூட்டலுக்கான விதிவிலக்கில் மட்டும் பழைய சட்டத்தின் 'திடீர்' அப்படியே இருக்கிறது. பக்கத்தில் 'நீடித்த' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். அடுத்த திருத்தத்திலாவது சேர்க்க வேண்டும்.