இகாசாவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது: டர்பனிலிருந்து கேள்வி பதில்

தொலைபேசிக் கம்பெனி ஒன்றில் கேபிள் ஒட்டிக் கொண்டிருந்து, பிறகு லைசென்ஸ் காகித வேலைக்கு மாறி, ஓய்வு பெற்றவன் நான். இகாசாவில் வேலை பார்த்ததில்லை. அதன் படிவங்களோடு பாதி ஆயுசு மல்லுக்கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவில் போன், டிவி, ரேடியோ, தபால் எல்லாவற்றையும் கண்காணிக்கும் இந்த அமைப்பைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டு மற்றதற்குப் பதில் எழுதுகிறேன்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, இகாசா அரசாங்கமா, கம்பெனியா? யார் சொன்னால் கேட்பார்கள்?

ரெண்டும் இல்லை. வாரிக் அவென்யூ காலைச் சந்தையில் தராசு சரியா என்று பார்க்க ஒருவர் வருவார் இல்லையா? அவர் தக்காளி விற்பதில்லை. தக்காளி என்ன விலை என்றும் சொல்வதில்லை. படிக்கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் அபராதம். இகாசாவின் வேலையும் ஏறக்குறைய அதுதான்.

2000 ஜூலையில் பிறந்தது. அதற்கு முன் ஒலிபரப்புக்கு ஒரு ஆணையம், தொலைபேசிக்கு ஒரு ஆணையம் என்று தனித்தனியாக இருந்ததை ஒன்றாக்கினார்கள். தபால் பிறகு வந்து சேர்ந்தது. ஒலிபரப்பைக் கவனிக்கச் சுதந்திரமான அமைப்பு ஒன்று வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 192ஆம் பிரிவே சொல்கிறது. ஏன் அவ்வளவு அழுத்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. நிறவெறிக் காலத்தில் ரேடியோவும் டிவியும் அரசாங்கத்தின் வாயாகத்தான் இருந்தன. 1994 தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டுமென்றால் மைக் ஆளுங்கட்சியின் கையில் இருக்கக் கூடாது என்று பேச்சுவார்த்தையிலேயே பிடிவாதம் பிடித்தார்கள். அந்தப் பிடிவாதத்தின் பிள்ளைதான் பழைய ஒலிபரப்பு ஆணையம். அதன் வாரிசு இகாசா.

தலைவரையும் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள். நாடாளுமன்றம் பரிந்துரைக்கும், அமைச்சர் நியமிப்பார். அமைச்சர் பொதுக் கொள்கை சொல்லலாம். "இந்த லைசென்ஸை இவருக்குக் கொடு" என்று சொல்ல முடியாது. ஆனால் செலவுக்குப் பணம் அரசு பட்ஜெட்டிலிருந்துதான். வசூலிக்கும் லைசென்ஸ் கட்டணம் நேரே கருவூலத்துக்குப் போய்விடும். சுதந்திரம் உண்டு, பர்ஸ் மட்டும் அடுத்தவரிடம். பல தாமதங்களுக்கு வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: ராத்திரி 50 ரேண்ட் ஏர்டைம் போட்டேன். காலையில் 11 ரேண்ட்தான் இருக்கிறது. யாரிடமும் பேசவே இல்லை. இது திருட்டு இல்லையா?

இதே கேள்வியை ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் சந்தேகம்: டேட்டா தீர்ந்து, ஏர்டைமிலிருந்து பிடித்தார்களா? இது ஒரு காலத்தில் பகல் கொள்ளையாக நடந்தது. 2019 பிப்ரவரி 28 முதல் இகாசாவின் விதி மாறிவிட்டது. வாங்கிய டேட்டாவில் 50, 80, 100 சதவீதம் தீரும்போது மெசேஜ் வர வேண்டும். தீர்ந்த பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் கூடுதல் விலைக்கு ஓடவிடக் கூடாது. மிச்ச டேட்டாவை அடுத்த மாதத்துக்குத் தள்ளவும், அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொருவருக்கு அனுப்பவும் வழி வைக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை எப்போதோ ஒரு நாள் அவசரத்தில் "யெஸ்" என்று அமுக்கிக் கொடுத்திருப்போம். போனில் அதை முதலில் அணைத்து வையுங்கள்.

இரண்டாவது, தெரியாமல் சேர்ந்த சந்தா. என் மனைவியின் போனில் தினம் 7 ரேண்ட் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கவனித்தது நான்காவது மாதம். ஏதோ ராசிபலன் சேவையாம்; அவள் ராசிபலன் பார்ப்பது கோவில் காலண்டரில் மட்டும்! கம்பெனிக்குப் போன் செய்தால், "நீங்கள்தான் ஒத்துக்கொண்டீர்கள்" என்றார் போனை எடுத்த பெண். சரி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த மெசேஜுக்குப் பதிலாக என்று எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. மறுநாள் பணம் முழுவதும் திரும்பி வந்தது, கடிதம் மட்டும் வரவில்லை.

ஆகவே முறை இது. முதலில் கம்பெனியிடம் புகார். பேசியவர் பெயர், நேரம், புகார் எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். புகாரைத் தீர்க்க அவர்களுக்கு 14 வேலை நாள் உண்டு. தீரவில்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால்தான் இகாசா. புகார் எண் இல்லாமல் இகாசாவுக்குப் போனால், "முதலில் கம்பெனியிடம் போங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். பேசியும் முடியாததை அதன் புகார்க் குழு, நீதிமன்றம் போல இரு தரப்பையும் கேட்டு விசாரிக்கும். வக்கீல் தேவையில்லை, பொறுமைதான் நிறைய வேண்டும்.

லெனேசியாவிலிருந்து ஓர் ஆசிரியை: டேட்டா விலையை இகாசா ஒரே உத்தரவில் குறைக்க முடியாதா?

முடியாது, டீச்சர். கடை விலை அதன் கையில் இல்லை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்கும் உள்கட்டணம்தான் அதன் கையில். நான் உங்களை வேறு நெட்வொர்க்கில் அழைத்தால், அழைப்பை உங்களிடம் சேர்ப்பதற்கு என் கம்பெனி உங்கள் கம்பெனிக்குக் கூலி தர வேண்டும். 2009 வரை பகல் நேரத்தில் அது நிமிடத்துக்கு 1.25 ரேண்ட். படிப்படியாக இறங்கி, 2020இல் 9 சென்ட் ஆனது. அழைப்பு மலிவானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சும்மாவும் இறங்கவில்லை. 2014இல் பெரிய கம்பெனிகள் வழக்குப் போட்டன. இகாசா போட்ட விதி செல்லாது என்றது நீதிமன்றம்; ஆனாலும் ஆறு மாதம் அதையே ஓடவிட்டு, அதற்குள் முறையாகத் திருப்பிப் போடச் சொன்னது.

டேட்டா விலையில் கைவைத்தது வேறொருவர்: போட்டி ஆணையம். 2019 டிசம்பர் அறிக்கையில் வோடாகாம், எம்டிஎன் என்ற இரண்டு பெரிய செல்போன் கம்பெனிகளையும் பெயர் சொல்லியே கேட்டது. 2020 ஏப்ரலில் வோடாகாமின் 30 நாள் 1 ஜிபி 149 ரேண்டிலிருந்து 99க்கு இறங்கியது. ஏழைகள் வாங்கும் சின்னப் பொட்டலத்துக்குத்தான் ஜிபி கணக்கில் விலை அதிகம் என்று அந்த அறிக்கை சொன்னது. ஸ்பாஸா என்னும் சின்னத் தெருக்கடையில் சர்க்கரையைக் கப் கணக்கில் வாங்கியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

டேட்டா விலையில் இகாசாவைக் குறை சொல்லவேண்டிய இடம் அலைவரிசை; அது போதாமல் கம்பெனிகள் டேட்டாவை மலிவாகத் தருவது கஷ்டம். 2000களின் நடுவில் கொடுத்ததற்குப் பிறகு, பெரிய அளவில் புது அலைவரிசை கொடுத்தது 2022 மார்ச் ஏலத்தில்தான். ஆறு கம்பெனிகள் எடுத்தன, சுமார் 1,440 கோடி ரேண்ட், அதுவும் கருவூலத்துக்கே. இத்தனை ஆண்டு ஏன் என்றால், அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வழக்குகள் ஓயவில்லை. அப்புறம் அதில் நல்ல பகுதியில் பழைய டிவி உட்கார்ந்திருந்தது. கூரையில் ஏரியல் வைத்துப் பார்க்கும் பழைய அனலாக் டிவியை 2025 மார்ச் 31 அன்று நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். சில நாள் முன்பு நீதிமன்றம் தடுத்துவிட்டது: டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி கிடைக்காத ஏழை வீடுகள் இருட்டாகிவிடும் என்ற வாதம். வாதம் நியாயம்தான். டேட்டா விலையும் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

டர்பன் வடக்கிலிருந்து ஒரு கோவில் தொண்டர்: காவடிக்குக் கூட்டம் சமாளிக்க வாக்கி-டாக்கி வாங்கினோம். லைசென்ஸ் வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 446 மெகாஹெர்ட்ஸ், அரை வாட் என்று இருந்தால் தனி லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் சக்தி உள்ளதை ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். அதைத் தொடாதீர்கள், ஆம்புலன்ஸ் போன்றவர்களின் அலைவரிசையில் போய் விழக்கூடும். இன்னொன்று, கருவியில் இகாசா ஒட்டு இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ரவுட்டரின் அடியிலும் அது இருக்கும். சென்னையிலிருந்து மருமகன் கொண்டுவரும் ரவுட்டரில் இருக்காது. கஸ்டம்ஸில் மாட்டுவது அதனால்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மாணவி: மாமா, தமிழுக்கென்று ஒரு சமுதாய வானொலி தொடங்க ஆசை. அரசியல் சட்டத்திலேயே தமிழ் இருக்கிறதே, உரிமையாகக் கேட்கலாமா?

ஆசை வாழ்க. 6ஆம் பிரிவில் குஜராத்தி, ஹிந்தி, தெலுங்கு, உருதுவோடு தமிழும் இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கே சொல்லியிருப்பது மொழி வாரியத்தின் கடமை: இம்மொழிகளை வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்று. அதைக் காட்டி அலைவரிசை கேட்க முடியாது.

சமுதாய வானொலிக்கு லாப நோக்கம் கூடாது, நிர்வாகத்தில் அந்தச் சமுதாயம் இருக்க வேண்டும், இகாசா விண்ணப்பம் கேட்டு அறிவிக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். நகரங்களில் எஃப்எம் நெரிசல் சொல்லி மாளாது. அதனால் என் யோசனை, இணையத்தில் தொடங்குங்கள். அதற்கு இகாசா லைசென்ஸ் தேவையில்லை. ஒரு வருடம் தினமும் இரண்டு மணி நேரம் விடாமல் நடத்திக் காட்டினால், நாளை விண்ணப்பத்தோடு வைக்க ஆதாரம் கையில் இருக்கும். நம் சங்கங்கள் தொடக்க விழாவுக்கு வரும், பன்னிரண்டாம் மாதம் வருமா என்பதை அப்போது பாருங்கள்.

பலர்: செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் எப்போது வரும்?

தேதி சொல்ல நான் ஜோசியர் இல்லை. சிக்கல் இது: முழு லைசென்ஸுக்கு, நிறவெறியால் ஒதுக்கப்பட்டவர்களிடம் 30 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கம்பெனி பங்கு தர மறுக்கிறது. பங்குக்குப் பதில் அதே அளவு முதலீடு செய்தால் போதும் என்ற வழியை 2025 மே மாதம் அமைச்சர் மலாட்சி வரைவாக வெளியிட்டார். பெரிய சண்டை. இங்கும் அமைச்சர் திசை காட்டலாம், விதியை மாற்ற வேண்டியது இகாசா. அந்த 30 சதவீதத்தில் நம் ஆட்களும் அடக்கம் என்பதை மறந்துவிட்டுத்தான் நம்மில் சிலர் பேசுகிறார்கள்.

வெருலமிலிருந்து: தினம் பத்து விளம்பர அழைப்பு. இகாசாவில் புகார் கொடுத்தேன், பதில் இல்லை.

தவறான கதவு. உங்கள் நம்பரைச் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமைச் சட்டத்தின் விஷயம். தகவல் ஒழுங்குமுறை ஆணையம் என்று தனியாக இருக்கிறது. இரண்டு வருடப் போன் கான்ட்ராக்டைப் பாதியில் முறிக்கக் கேட்டவருக்கும் இதே மாதிரிதான்: நுகர்வோர் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுங்கள். நியாயமான ரத்துக் கட்டணம் கேட்பார்கள், போன் பாக்கியையும் கேட்பார்கள். தகராறானால் நுகர்வோர் ஆணையம்.

சிம் ஸ்வாப் மோசடியில் (நம் நம்பரை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) 18,000 ரேண்ட் இழந்த ஒரு பெரியவர்: இகாசா வாங்கித் தருமா?

தராது ஐயா. முதலில் வங்கி, உடனே. அடுத்து போலீசில் கேஸ் நம்பர். அதன்பிறகு போன் கம்பெனி. போன் திடீரென்று சிக்னல் இழந்தால் டவர் கோளாறு என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

டோங்காட்டிலிருந்து ஓர் அம்மா: டிவி லைசென்ஸ் 265 ரேண்ட் கட்டச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம். டிவியை விற்று ஐந்து வருடமாகிறது. இகாசாவுக்கு எழுதட்டுமா?

வேண்டாம் அம்மா, அது அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி வசூலிப்பது. டிவி இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்குங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஒரு நகல் வைத்துக்கொண்டு அவர்களுக்கு அனுப்புங்கள். பேரனை விட்டு இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், தபாலை நம்ப வேண்டாம்.