பின்பாட்டிலேயே இருக்கிறது வழி

கேள்வி: அன்புள்ள அக்கா, தக்கலைக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்திவருகிறோம். வருஷந்தோறும் மே விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வில்லிசையும் கதை எழுதவும் சொல்லிக்கொடுப்போம். இந்த வருஷம் புதிதாக மூன்று பேர் சேரக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் வருவாள், பேச்சு நிதானமாக, குழறித்தான் வரும். ஆனால் மேடையில் கதை சொல்ல வேண்டும் என்று ஆசை. ஒரு பையனுக்குக் கண் தெரியாது. இன்னொரு பெண்ணுக்குக் காது கேட்காது. ‘மற்ற பிள்ளைகளின் வேகம் குறைந்துவிடும், இவர்களுக்குத் தனியாக ஒரு நாள் முகாம் போட்டுப் பரிசு கொடுத்து அனுப்பிவிடலாம்’ என்கிறார்கள் குழுவில் சிலர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், தக்கலை

பதில்: அன்புள்ள தம்பி, உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். மூன்று பேரையும் அந்தப் பத்து நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களிடம் கேட்டது பாட்டும் கதையும். பரிசும் பொன்னாடையும் யாரும் கேட்கவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-வது பிரிவில், கலைப் பாடங்களை மாற்றுத்திறனாளிகளும் கலந்துகொள்ளும்படி மாற்றியமைக்கச் சொல்கிறது. அது அரசுக்குச் சொன்னது. ஆனாலும் குழுவில் தயங்குகிறவர்களிடம் அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். இது தயவு தாட்சண்யத்தில் செய்கிற காரியம் என்ற நினைப்பாவது போகும்.

வேகம் குறையும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான், மறைக்க வேண்டாம். ஐந்து பாட்டு படிக்கிற இடத்தில் மூன்று பாட்டு படியுங்கள். பத்து நாளில் மூன்று பாட்டை நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நீங்கள் எடுத்திருப்பது வில்லிசை. அதனால்தான் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். நம் ஊர்க் கோயில் கொடைகளில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! எல்லாரும் உட்கார்ந்து நடத்துகிற கலை அது. முன்னால் இருப்பவர் ஒரு அடியைப் பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். வசனம் சொன்னால் ‘ஆமா’ போடுவார்கள். இப்போது மேடையில் கதை சொல்ல ஆசைப்படுகிற அந்தப் பெண்ணை முன்னால் வைத்துப் பாருங்கள். அவள் தன் நிதானத்தில் ஒரு அடி சொல்கிறாள். முதல் தடவை பாதிப் பேருக்குப் பிடிபடாமல் போகலாம். பின்பாட்டு அதை வாங்கிச் சொல்லும்போது கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் விளங்கிவிடும். இதற்கென்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். நம் முன்னோர் வேறு எதற்கோ செய்து வைத்த ஏற்பாடு இவளுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அவள் சொல்லி முடிக்கும் முன் யாரும் முந்திக்கொண்டு வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவள் மூச்சு வாங்குகிற நேரத்தைக் குடத்தின் தாளம் தாங்கிக்கொள்ளட்டும். மெதுவாக ஒரு தட்டு, இன்னொரு தட்டு. கூட்டம் காத்திருக்கும். மூளை முடக்குவாதத்தில் பலருக்குப் பேச்சுக்கான தசைகள் சொன்னபடி கேட்பதில்லை. அதைப் பார்த்து அறிவும் மெதுவானது என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய. உங்கள் பயிற்சியாளர் அவளிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆனால் உடம்பு களைத்துப் பேச்சு இன்னும் குழறக்கூடும். அவளுக்கு எந்த நேரம் தோது என்று கேட்டு அந்த நேரத்தில் அவள் பகுதியை வையுங்கள்.

மற்றவர்கள் பாயில் உட்கார, அவள் மட்டும் நாற்காலியில் உயரமாகத் தனித்துத் தெரிவாள். அதற்கு எல்லாரும் பெஞ்சுக்கு மாறிவிடலாம். வில்லை ஒரு மேசைமேல் வைத்து, குடத்தை, அது உட்காரும் புரிமணையோடு அதே உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோல் அவள் கையில் நிற்காவிட்டால் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிப் பாருங்கள்.

காது கேளாத பெண்ணைக் குடத்துக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் நாள் அவள் உள்ளங்கையைக் குடத்தின் வயிற்றில் வைக்கச் சொல்லி, குடத்தின் வாயில் ஒருவர் அடிக்கட்டும். மண் அதிர்வதைக் கை வாங்கிக்கொள்ளும். ஜால்ரா போடுகிறவரின் கையைக் கண்ணால் பார்த்தே தாளத்தைப் பிடித்துவிட முடியும். கொஞ்ச நாள் பழகினால் குடமே அவளிடம் வரலாம். ஆனால் அவளைத் தாளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கதையை அவள் சைகையில் சொல்ல, இன்னொருவர் குரல் கொடுக்கட்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களிடமும் விசாரியுங்கள். நாள் முழுக்க என்றால் இரண்டு பேர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை அது, ஒருவர் தலையில் கட்டாதீர்கள். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

எழுத்துப் பயிற்சியில் அவளுடைய தமிழில் வேற்றுமை உருபுகள் விடுபட்டிருந்தால் சிவப்பு மை எடுக்காதீர்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் யோசிக்கிற பிள்ளைக்குத் தமிழ் இரண்டாம் மொழி. முதலில் கதையைச் சைகையில் சொல்லச் சொல்லி செல்போனில் படம் பிடியுங்கள். பிறகு அவளும் மொழிபெயர்ப்பாளரும் உட்கார்ந்து தமிழில் எழுதட்டும்.

கண் தெரியாத பையனுக்கு நீங்கள் கொடுக்கிற பாட்டுத் தாள் என்ன எழுத்துருவில் இருக்கிறது? இதை யாரும் யோசிப்பதில்லை. அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால் அவனுடைய செல்போன் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் படிக்கும். தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரியாக வராது. யூனிகோடில் அடித்து, இரண்டு நாள் முன்னதாகவே வாட்ஸாப்பில் அனுப்புங்கள். செல்போனில் இருக்கிற டாக்பேக் என்ற வாசிப்பு வசதி அவனுக்குப் படித்துக் காட்டும். பிரெயில் படித்தவனா என்றும் கேளுங்கள். படித்தவர்களுக்கு விரலால் வாசிப்பதில் இருக்கிற சுகம் வேறு. முதல் நாள் எல்லாருக்கும் முன்னதாக அவனை வரவழைத்து வில், மணி, உடுக்கு, கட்டை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவிடுங்கள்.

‘இந்தப் படத்தைப் பார்த்துக் கதை எழுது’ என்ற பயிற்சியை இந்த வருஷம் விட்டுவிடலாம். தோவாளைச் சந்தைப் பிச்சிப்பூவில் ஒரு பந்து, குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் ஒரு துண்டு, கொளச்சல் கருவாடு ஒன்று. மேசைமேல் வைத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கதை வரும். மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ‘அவனைப் போல’ நடந்து பார்க்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிஷ இருட்டில் பயம் மட்டும்தான் கிடைக்கும், அவன் வாழ்க்கை அதில் தெரியாது.

இரட்டைப் புலவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவரால் நடக்க முடியாது. ஒருவர் முதல் இரண்டடி பாட, மற்றவர் வெண்பாவை முடிப்பாராம். தோளில் தூக்கிச் சென்ற படத்தைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது அந்தப் பாதிப்பாதி. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து இதைச் செய்து பாருங்கள். ஜோடியை மட்டும் தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ‘உதவி செய்கிற பிள்ளை’ என்று ஒருத்தியைச் சக்கர நாற்காலியில் வருகிற பெண்ணோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டுவிடுவீர்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்ல என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு ஒரு எழுத்துப் பட்டறைக்கு மாடி அறை ஒன்றைப் பிடித்தேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு அண்ணனை நான்கு பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். எங்களுக்கு ஒரே பெருமை. மத்தியானம் அவர் பக்கத்தில் டீ அப்படியே ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். கீழேதான் கக்கூஸ், மறுபடியும் தூக்க வேண்டுமே என்றார். கொஞ்சம் கழித்து, ‘தூக்கிட்டு வாறப்ப எனக்க வேட்டி அவுந்துபோச்சு அக்கா. எல்லாரும் பாத்தாவ’ என்றார். மறுநாள் அவர் வரவில்லை.

அதனால் கழிப்பறையிலிருந்து தொடங்குங்கள். கதவு நாற்காலி நுழைகிற அகலமா, உள்ளே திரும்ப இடம் உண்டா, வெஸ்டர்ன் கோப்பையா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? உங்கள் படிப்பகத்தில் இல்லையென்றால் தரைத்தளத்தில் இவை இருக்கிற பள்ளிக்கூடமோ மண்டபமோ பாருங்கள். வாசலில் ஒரு அடி உயரம் இருந்தால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பலகையைச் சாய்த்துப்போட்டுத் தள்ளுவது ஆபத்து. கல்குளம் பக்கத்து மேடு பள்ளம் உங்களுக்குத் தெரியாததில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் படியில் சக்கர நாற்காலி ஏறாது. ஆட்டோவுக்கான பணத்தை முகாம் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். மாற்றுத்திறனாளிக் கலைஞர் ஒருவரைப் பயிற்சி கொடுக்க அழைக்க முடிந்தால் அழையுங்கள். மற்ற பயிற்சியாளருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுங்கள்.

கடைசி நாள் மேடையில் அறிவிப்பாளர் வாயை அடக்குவது உங்கள் பொறுப்பு. ‘உடல் குறையை வென்ற’ என்று ஆரம்பித்தாலே கூட்டம் அழத் தயாராகிவிடும். பிறகு யார் கதையைக் கேட்பார்கள்? ‘கதை சொல்பவர் இன்னார்’, அது போதும். தங்கள் ஊனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். சக்கர நாற்காலியில் வருகிற அந்தப் பெண்ணுக்கு இசக்கியம்மன் கதை சொல்ல ஆசையோ, காதல் கதை எழுத ஆசையோ, யார் கண்டது?

நான் இவ்வளவு எழுதியும் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது நீங்கள் கடிதத்தில் எழுதிய மூன்று வரிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்கும் போய்வாருங்கள். அம்மா அப்பாவிடம் பேசிவிட்டுத் திரும்பாமல், அவர்களிடமே கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கிறவரை இருங்கள். கையோடு ஒரு டேப் கொண்டுபோய் நாற்காலியின் அகலத்தையும் அளந்து வாருங்கள்.