25-வது மூவுக்குப் பிறகு நேரம் போதாமல் தோற்பது

90 நிமிடமும் ஒவ்வொரு மூவுக்கும் கூடுதலாக 30 விநாடியும் கிடைக்கும் செஸ் ஆட்டங்களில் 25-வது மூவ் வரை நல்ல நிலையில் இருந்துவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் தடுமாறித் தோற்பதாக எழுதியிருந்தீர்கள். பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் வேக செஸ்) நிறைய ஆடினால் சரியாகும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் கிரிஷ்சுக் மூன்று முறை உலக பிளிட்ஸ் சாம்பியன். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டங்களில் நேர நெருக்கடிக்குப் பேர்போனவரும் அவர்தான்.

மூவ்களை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் ஒவ்வொரு மூவுக்குப் பக்கத்திலும் மீதி நேரத்தைக் குறியுங்கள். விதி இதை அனுமதிக்கிறது. ஆடப்போகும் மூவை முன்கூட்டியே எழுதுவதுதான் கூடாது. ஐந்தாறு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மூவ்கள் தனியே தெரியும். அவற்றில் பல, கடினமான நிலைகளாகவே இருக்காது. இரண்டு நல்ல மூவ்களை மாற்றி மாற்றித் திரும்பக் கணக்கிட்ட இடங்களாக இருக்கும். அங்கே ஒவ்வொன்றையும் ஒரே முறை கணக்கிடுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் முதலில் தோன்றியதை ஆடிவிடுங்கள்.

15-வது மூவில் 75 நிமிடம், 30-வதில் 30 நிமிடம் மீதி இருக்க வேண்டும். 15-க்குள்ளேயே 40 நிமிடம் கரைந்தால் கோளாறு ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) தயாரிப்பில்.

வீட்டில் தினமும் பத்து நடு ஆட்ட நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். முடிவைத் தாளில் எழுதிய பிறகே செஸ் எஞ்சினைத் (மூவ்களை ஆராயும் மென்பொருள்) திறங்கள்.